கணக்கர்கள் தாங்கிய பேரரசுகள்

தெற்கு ஈராக்கில் உருக் என்ற பழைய நகரத்தின் மேடுகளை அகழ்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ 5,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. கி.மு. 3300க்கும் 3000க்கும் இடைப்பட்டவை அவை. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் இவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் அவற்றில் அரசனின் வெற்றி முழக்கம் இல்லை, தெய்வத் துதி இல்லை, கதையும் இல்லை. பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை வெறும் கணக்குகள்: எவ்வளவு பார்லி வந்தது, யார் பெற்றுக்கொண்டார், எத்தனை ஆடு, எவ்வளவு துணி, எவ்வளவு பீர். மீதமுள்ளவை எழுதப் பழகியவர்களுக்கான சொற்பட்டியல்கள். அதே காலத்தின் இன்னொரு பலகை, 37 மாதங்களுக்கு 29,086 அளவை பார்லி என்று குறித்துவிட்டு, குஷிம் என்ற பெயரோடு முடிகிறது. அது ஒரு மனிதரின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் பெயர்களில் ஒன்று தானியக் கிடங்குக் கணக்கில் இருக்கிறது. உருக் அடங்கிய தென்சமவெளியான சுமேரியாவின் வரலாற்றை அரசர்களையும் போர்களையும் வைத்துச் சொல்வதே வழக்கம். அந்த மண்ணில் அடுத்தடுத்துப் பேரரசுகள் எழுந்ததன் காரணத்தை இந்தக் கணக்கில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம். சுமேரியாவை வென்றவர்கள் எல்லோரும் அதன் கணக்கர்களை வேலையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில்லாமல் வென்ற நாட்டை ஆள முடியாது என்பதுதான் காரணம்.

இந்தப் பழக்கம் அங்கே பிறந்ததற்கு நிலமே பாதிப் பொறுப்பு. யூப்ரடீஸும் டைக்ரிஸும் கடலை நெருங்கும் அந்தச் சமவெளியில் ஆண்டு மழை 20 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. கட்டடத்துக்கு ஏற்ற கல் அரிது, நல்ல மரமும் உலோகமும் இல்லை. இருந்தவை வண்டல், நாணல், பேரீச்சை, மீன், ஆட்டு மந்தை ஆகியவைதான். நைல் நதி அறுவடை முடிந்த பிறகு பெருகும். இந்த ஆறுகளோ ஏப்ரல், மே மாதங்களில், பார்லி முற்றி நிற்கும் நேரத்தில் பெருகிப் பயிரை அழிக்கும். கால்வாயும் கரையும் இல்லாமல் அங்கே சாகுபடி இல்லை. ஆனால் கால்வாய் வெட்டி நீர் பாய்ச்சினால் விளைச்சல் அள்ளிக் கொடுக்கும். தேவைக்கு மேல் விளைந்த தானியத்தையும் நெய்த கம்பளித் துணியையும் கொடுத்துத்தான் செம்பையும் மரத்தையும் தொலைவிலிருந்து பெற்றார்கள். உருக் நகரம் 250 ஹெக்டேர் அளவுக்கு விரிந்தபோது, கோயில் பண்ணைகளிலும் நெசவுக்கூடங்களிலும் வேலை செய்தவர்களுக்குத் தானியமாகவே படி அளந்தார்கள். அக்கால அகழாய்வுக் குழிகளில் கரடுமுரடான ஒரே மாதிரிக் கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அவை படியளக்கும் கிண்ணங்கள் என்பது பலரின் கருத்து. அத்தனை பேருக்கு அளந்ததை எந்த ஒரு மனிதரும் நினைவில் வைத்திருக்க முடியாது.

கால்வாய்களைக் கட்டிக் காக்க ஒரு பலமான அரசு தேவைப்பட்டது, அந்த அரசுதான் நாகரிகத்தை உண்டாக்கியது, எழுத்து அதன் துணைக்கருவி மட்டுமே என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராபர்ட் ஆடம்ஸ் அந்தச் சமவெளியில் நடத்திய நிலப்பரப்பு ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன. தொடக்ககால வாய்க்கால்கள் சிறியவை, ஆற்றின் இயற்கைக் கிளைகளை ஒட்டியவை, ஊரார் கூடிப் பராமரிக்கக்கூடியவை. அரசர்கள் வெட்டிய நீண்ட கால்வாய்கள் நகரங்கள் எழுந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே வருகின்றன. நகரமும் கணக்கும் முன்னே நடந்தன, பெரிய கால்வாய் பின்னே வந்தது. அந்தக் கணக்கு மனம் போருக்குள்ளும் புகுந்துவிட்டதை லகாஷ், உம்மா நகரங்களின் எல்லைச் சண்டையில் காணலாம். தலைமுறைகளாக நீண்ட அந்தச் சண்டையைப் பற்றி லகாஷின் அரசன் என்மெத்தேனா கி.மு. 2400 அளவில் எழுதிவைத்த அறிக்கையில், உம்மா கடனாக வாங்கிய பார்லியும் அதன் வட்டியும் குட்டி போட்டு எந்த நாடும் கட்ட முடியாத தொகையாகப் பெருகியிருக்கின்றன. எதிரியின் குற்றத்தை அவன் கடன் பாக்கியாகவே எழுதினான். வட்டிக்கு வட்டி என்ற கணக்குக்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

பிறகு சர்கோன் வருகிறான். உம்மாவின் லுகல்சகேசி சுமேரிய நகரங்களையெல்லாம் அடக்கி முடித்த வேளையில், கி.மு. 2334 அளவில் ஆட்சிக்கு வந்த அக்காட் நகரத்து அரசன் அவனைத் தோற்கடித்தான். உலகின் முதல் பேரரசு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அவன் நிறுவியதுதான். தன் முன்னிலையில் நாள்தோறும் 5,400 பேர் உணவருந்தினார்கள் என்றும், மெலுக்கா, மகான், தில்முன் நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் வந்து நின்றன என்றும் அவன் பெருமை பேசினான். மெலுக்கா சிந்துவெளி நிலம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அக்காட் வாளால் எழுந்த பேரரசு என்பதில் ஐயமில்லை. ஆனால் 5,400 பேருக்குச் சோறு என்பதே ஒரு கிடங்குக் கணக்கு! அக்காடியர் பேசியது முற்றிலும் வேறு மொழி, செமிட்டிய மொழி. அதை எழுத அவர்கள் சுமேரிய ஆப்பெழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். சர்கோன் தன் மகள் என்ஹெதுவன்னாவை ஊர் நகரத்துச் சந்திரக் கடவுளின் தலைமைப் பூசாரியாக அமர்த்தினான். அவன் பேரன் நராம்-சின் காலத்தில் நகரத்துக்கு நகரம் வேறுபட்ட அளவைகளுக்கு மேலே ஒரு பொதுத் தானிய அளவை நடைமுறைக்கு வந்தது. இரண்டு நூற்றாண்டுகூட நிறைவதற்குள் அக்காட் சரிந்தது. கிளர்ச்சிகளும் குதியர் என்ற மலைநாட்டாரின் படையெடுப்பும் அதற்குக் காரணம். நீண்ட வறட்சியும் சேர்ந்திருக்கலாம். கணக்கு எழுதி மழையை வரவழைக்க முடியாதுதான்.

அடுத்து வந்த ஊர் நகரத்து மூன்றாம் அரசமரபு (கி.மு. 2112–2004) இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஊர்-நம்முவின் மகன் ஷுல்கி 48 ஆண்டுகள் ஆண்டான். தான் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றவன் என்று பெருமையோடு சொல்லிக்கொண்ட அரசன் அவன். நிப்பூருக்கு அருகில் அவன் அமைத்த கால்நடை மையத்தில், வந்த ஒவ்வோர் ஆடும், போன ஒவ்வோர் ஆடும், யார் கொடுத்தது, எந்தக் கோயிலுக்குப் போனது என்ற விவரத்தோடு பதிவாகியிருக்கின்றன. ஒற்றை ஆட்டுக்குட்டிக்கும் தனிச் சீட்டு உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் சற்று மிகுந்த அந்தக் காலத்திலிருந்து மட்டும் ஒரு லட்சம் அளவில் பலகைகள் கிடைத்துள்ளன. இங்கே ஒரு கேள்வி நியாயமானது: இது மக்களைக் கசக்கிப் பிழிந்த கருவிதானே? நெசவுக்கூடங்களில் பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் தலைக்கு இத்தனை படி என்று பதிவான பட்டியல்களைப் படிக்கும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதிகாரிக்கு எதிராகவும் அதே எழுத்து நின்றிருக்கிறது. கி.மு. 2350 அளவில் லகாஷின் உருககினா, பிணத்தைப் புதைக்க வந்தவர்களிடம் பூசாரிகள் கறந்த பார்லியையும் ரொட்டியையும் பீரையும் குறைத்துக் கல்லிலும் மண்ணிலும் பதித்தான். ஊர்-நம்முவின் பெயரால் வழங்கும் சட்டம், ஒருவன் கண்ணைப் பறித்தவன் அரை மினா வெள்ளி, அதாவது கால் கிலோ அளவு, கட்ட வேண்டும் என்றது. எழுதப்படாத வழக்கத்தை எதிர்த்து ஏழை வழக்காட முடியாது, எழுதியதைக் காட்டிக் கேட்கலாம்.

கணக்கு இவ்வளவு வலியது என்றால் ஊர் நகரம் ஏன் கி.மு. 2004ல் ஈலாமியர் கையில் வீழ்ந்தது? என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான கேள்வி இதுதான். அரண்மனை எரிந்தது, அரசன் இப்பி-சின் சிறைப்பட்டுப் போனான். ஆனால் எழுத்துப் பள்ளி மூடப்படவில்லை என்பதே என் பதில். நிப்பூரில் 1950களின் தொடக்கத்தில் அகழ்ந்த ஒரு சிறு வீட்டில், கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுமார் 1,400 பலகைகள் கிடைத்தன. பெரும்பாலானவை மாணவர் பயிற்சிகள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசியது அக்காடிய மொழி. பள்ளியில் எழுதியதோ யாரும் பேசாத சுமேரிய மொழி. அந்தப் பயிற்சியில் தேறியவர்கள்தான் பாபிலோனின் ஹம்முராபிக்கு (கி.மு. 1792–1750) அலுவலர்கள். அவன் எழுதிய கடிதங்களில் கால்வாய் தூர்வாருவதும் நிலத்தகராறும்தான் நிறைய வருகின்றன. அவன் பெயர் பெற்ற சட்டத்தூணும் ஊர்-நம்மு சட்டத்தின் அமைப்பையே பின்பற்றுகிறது. தண்டனையில் மட்டும் கடுமை கூடி, சுதந்திரக் குடிமகன் கண்ணுக்குக் கண் என்று ஆனது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாரோகூட அண்டை அரசர்களுடன் ஆப்பெழுத்தில், அக்காடிய மொழியில்தான் கடிதம் பரிமாறினான்.

அசிரியா இதற்கு விலக்கு என்று சிலர் சொல்லக்கூடும். அது இரும்பாலும் அச்சத்தாலும் ஆண்ட அரசு அல்லவா? ஆம், அதன் கொடுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாகாணம், கப்பம், நாடு கடத்தப்பட்டவர்களின் தலைக்கணக்கு ஆகிய அனைத்தும் அதே பழைய முறையில் நடந்தன. அதன் கடைசிப் பெரிய அரசன் அசுர்பனிபால், கடினமான சுமேரியப் பலகைகளைத் தானே படிக்கத் தெரிந்தவன் என்று பெருமைப்பட்டான். அவன் தலைநகர் நினிவேயிலிருந்து வந்த 30,000க்கும் மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோலில் மையால் எழுதும் அரமேய எழுத்து அப்போதே பரவிக்கொண்டிருந்தது. எழுத்து மாறினாலும் அலுவலக முறை மாறவில்லை. பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸில் 1933ல் கிடைத்த ஆயிரக்கணக்கான பலகைகள் மொழியால் ஈலாமியம், எழுத்தால் ஆப்பெழுத்து. டேரியஸ் காலத்து வேலையாட்களுக்கு எத்தனை படி பார்லி, எவ்வளவு திராட்சை மது என்று அவை குறிக்கின்றன. உருக் பலகைகளைப் படித்த ஒருவருக்கு அதில் புதிதாக எதுவும் இருக்காது. எழுத்தே இல்லாமல் ஆண்ட இன்கா பேரரசைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் முடிச்சுக் கயிறுகளில் வைத்திருந்ததும் தானியக் கணக்கும் ஆள் கணக்கும்தான்.

ஆகவே கி.மு. 2004ஐச் சுமேரியாவின் முடிவு என்று எழுதும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு முடிந்தது ஓர் அரசமரபு மட்டுமே. காலம் தெரிந்த கடைசி ஆப்பெழுத்துப் பலகைகள் கி.பி. 75ஐ ஒட்டியவை. பாபிலோன் பகுதியின் வானியலர் கோள்களின் நிலையைக் குறித்த அந்தப் பலகைகளில், சுமேரியர் விட்டுச்சென்ற குறிச்சொற்கள் அப்போதும் புழக்கத்தில் இருந்தன.