பெட்–சிடி ஸ்கேன்: புற்று எதுவரை போயிருக்கிறது?

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த கையோடு, “ஒரு பெட்–சிடி எடுத்துட்டு வாங்க” என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். புற்றுதான் என்று தெரிந்த பிறகும் எதற்கு இன்னொரு ஸ்கேன் என்று வீட்டில் கேட்பார்கள். செலவும் கணிசமானது என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான். புற்று இருக்கிறதா என்பதைத் திசுவைப் பார்த்துச் சொல்வது பயாப்ஸி. அது எதுவரை போயிருக்கிறது என்று தேடுவது இந்த ஸ்கேன்.

இரண்டு கருவி, ஒரே படுக்கை

புற்றுச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை அள்ளி உண்பவை. கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால், அவை இருக்கும் இடம் பெட் படத்தில் ஒளிரும். ஆனால் ஒளிர்வது எந்த உறுப்பு என்று துல்லியமாகத் தெரியாது. சிடி அதற்கு நேர்மாறு: உருவம் காட்டும், செல்லின் பசியைக் காட்டாது. டேவிட் டவுன்செண்டும் ரொனால்டு நட்டும் இரண்டையும் இணைத்து உருவாக்கிய முதல் மாதிரிக் கருவி, 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது.

சிகிச்சையையே மாற்றும் கணு

கருப்பைவாய்ப் புற்றுநோயில் எல்லோரும் கவலைப்படுவது கட்டியின் அளவைப் பற்றி. டாக்டரின் கவலையோ இடுப்புக்குள்ளும் முதுகெலும்பை ஒட்டிய பெருந்தமனி ஓரத்திலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களைப் பற்றி. சிடியில் கணு பெருத்திருந்தால்தான் சந்தேகம் வரும். பெருக்காத கணுவிலும் புற்று ஒளிந்திருக்கலாம். பெட் அதைக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. சில மில்லிமீட்டரே உள்ள படிவு அதற்கும் தப்பிவிடும்.

முன்பெல்லாம் இந்நோயின் நிலையைப் பெரும்பாலும் கையால் பரிசோதித்தே குறித்தார்கள். சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, 2018இல்தான் ஸ்கேன் முடிவையும் கணக்கில் சேர்த்தது. இடுப்புக் கணுவில் புற்று இருந்தால் 3சி1, பெருந்தமனி ஓரக் கணுவில் என்றால் 3சி2. சிறு கட்டிதானே, அறுவை செய்துவிடலாம் என்று நினைத்திருந்தவருக்கு, கணு ஒளிர்ந்தால் கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சைக்குத் திட்டம் மாறலாம். பெருந்தமனி ஓரக் கணுவும் ஒளிர்ந்தால் கதிர்வீச்சு படும் பரப்பு வயிறு வரை நீளும். ஸ்கேனுக்கு ஆகும் செலவுக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கருப்பையை ஒட்டிய திசுக்களில் கட்டி ஊடுருவியிருக்கிறதா என்பதில் சிடி தடுமாறும். எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டும். பெட்டையும் எம்ஆர்ஐயையும் ஒன்றாக்கிய கருவியில் கதிர்வீச்சும் குறைவு. ஆனால் அது உள்ள மையங்கள் சொற்பம்.

ஒளிர்ந்தால் உடனே பயம் வேண்டாம்

காசநோய் பிடித்த கணுவும் ஒளிரும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. மாதவிடாய் நாட்களில் கருப்பையின் உட்சவ்வு ஒளிரும். கருமுட்டை வெளிப்படும் சமயத்தில் சினைப்பை ஒளிரும். அதனால் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்றவருக்குச் சினைப்பை ஒளிர்ந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. கதிர்வீச்சு முடிந்த புதிதில் அழற்சியும் ஒளிரும் என்பதால், மறு ஸ்கேனுக்கு மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

மற்ற இரண்டு புற்றுகள்

சினைப்பைப் புற்றுநோயை முதலில் கண்டறிய அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் சிடியும் போதும். சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் சிஏ–125 என்ற புற்றுக் குறிப்பானின் அளவு ஏறுகிறது, சிடியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அப்போது பெட் கைகொடுக்கும். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு எம்ஆர்ஐதான்.

ஸ்கேன் நாளன்று

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும்; ஆனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். ஊசி போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வு. மருந்து சிறுநீரில் இறங்குவதால், மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதன் ஒளியே பக்கத்திலுள்ள கருப்பைவாயை மறைத்துவிடும். படுக்கும் முன் கழிப்பறை போய் வருவது அவசியம். கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ பாலூட்டுகிறீர்கள் என்றாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபுளூரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அன்று சில மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்காமல் இருந்தால் போதும்.

நோயில்லாதவருக்கு?

வேண்டாம். ‘முழு உடல் பரிசோதனை’ என்று பெட்–சிடி எடுப்பது வீண் கதிர்வீச்சு, வீண் பீதி. அதற்காகக் கருப்பைவாய்ப் புற்றை அலட்சியப்படுத்தவும் முடியாது: 2022இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்ததாக மதிப்பிடப்பட்டது. புற்றாக மாறும் முன்பே அதைப் பிடிப்பது, அதற்குக் காரணமான ஹெச்பிவி வைரஸைத் தேடும் பரிசோதனை. முப்பது வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.