விலை குறைவு, வலி அதிகம்

முதல் கிடாரை வாங்குபவர்களில் பலர் ஒரே வருடத்தில் அதைப் பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். தப்பு எப்போதும் அவர்களுடைய விரல்களில் இல்லை. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டரில் இருக்கிறது.

தில்லியிலிருந்து திருவனந்தபுரம் வரை நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் காணக் கிடைக்கும் பொருள் அது. பீரோவின் மேல், உறைக்குள், தூசி படிந்து கிடக்கும் கிடார். மகனோ மகளோ பத்தாம் வகுப்பு தேறியபோது வாங்கியது. முதல் வாரம் வீடே அதிர்ந்தது. இரண்டாம் வாரம் விரல் நுனி சிவந்தது. மூன்றாம் மாதம் 'எஃப்' கார்டு வந்தது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மீதும் படுக்கவைத்து அழுத்தினால்தான் இந்தக் கார்டு முழுதாக ஒலிக்கும். ஒலித்ததோ மரத்தைத் தட்டியது போன்ற 'டப்' சத்தம். "நமக்கு இது வராது" என்ற தீர்ப்போடு கிடார் மேலே போயிற்று.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. புதிதாகக் கிடார் கற்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் வருடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்று அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனியே 2010-களில் சொன்னது. நேரமின்மை, சலிப்பு, சரியான ஆசிரியர் இல்லாதது என்று காரணங்கள் பல. ஆனால் மலிவு விலைக் கிடார்கள் கோலோச்சும் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. வாசிக்க முடியாதபடி இருக்கும் ஒரு வாத்தியத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, தோற்றது தான்தான் என்று கற்பவர் நம்பிவிடுகிறார்.

லால்பஜார் வம்சம்

இந்தியாவின் மலிவு கிடாருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கல்கத்தாவில் போலீஸ் தலைமையகம் இருக்கும் லால்பஜாரை ஒட்டி, பழைய சித்பூர் சாலையான ரவீந்திர சரணியில் வரிசையாக வாத்தியக் கடைகள். வெளிநாட்டு நுகர்பொருள்கள் எளிதில் உள்ளே வர முடியாத காலத்தில், நாட்டின் கிடார் பசியைத் தீர்த்ததில் இந்த நகரத்துப் பட்டறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிநாட்டு கிப்சனும் ஹாஃப்னரும் கைக்கு எட்டாத கனவாக இருந்தபோது, உள்நாட்டில் கிவ்சன், கிப்டோன், ஹாப்னர் என்று காதுக்குப் பழகிய பெயர்களில் கிடார்கள் வந்தன. பெயரில் இருந்த சாயல் விலையில் இல்லை. அதுவே அவற்றின் பலம்.

சினிமாவும் கைகொடுத்தது. 1973-ல் வந்த 'யாதோங் கி பாராத்' படத்தில் ஜீனத் அமன் கிடாரோடு தோன்றிய பிறகு, அது கல்லூரி மாணவர்களின் ஆசைப் பட்டியலில் ஏறியது. ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலன் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வந்தார். மேகாலயா, மிஜோரம், நாகாலாந்து மலைகளில் கிடார் தேவாலயத்துக்கும் திண்ணைக்கும் பொதுவான வாத்தியம். அங்கெல்லாம் எத்தனையோ பேர் பழகியது உள்நாட்டுக் கிடாரில்தான். அந்த வகையில் மலிவு கிடாரை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

வங்காளத்தில் இன்னொரு வகையும் வேரூன்றியிருந்தது. மடியில் கிடத்தி, விரலால் அழுத்தாமல், இரும்புக் கட்டையால் கம்பியை வருடி வாசிக்கும் ஹவாயன் கிடார். சுனில் கங்குலியும் பட்டுக் நந்தியும் பாடல்களை அதில் இசைத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். ஹவாயன் கிடாரில் கம்பிகள் உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புக் கட்டை ஃபிரெட்டில் மோதும். மார்போடு அணைத்து வாசிக்கும் சாதாரண கிடாரில், கடைக்காரர்கள் 'ஸ்பானிஷ்' என்று அழைக்கும் ரகத்தில், அதே உயரம் சித்திரவதை.

நிலைமை 1991-க்குப் பிறகு மெல்ல மாறியது. 2001 ஏப்ரலில் நுகர்பொருள் இறக்குமதி மீதான கடைசிக் கட்டக் கட்டுப்பாடுகளும் நீங்கின. இந்தோனேசியாவில் செய்த யமஹா கிடார்களும் சீனத்து கிடார்களும் கடைகளை நிறைத்தன. 2019-ல் யமஹா சென்னைக்கு அருகே தொழிற்சாலை திறந்து, பிறகு கிடாரையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தது. இன்று ஆரம்பக் கிடாரின் சந்தை ஏறக்குறைய இரண்டு தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. உறை, தோள்பட்டை, உபரிக் கம்பிகள் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்கு வரும் ரகம் ஒன்று. 8,000 முதல் 12,000 வரையிலான ரகம் மற்றொன்று. பெற்றோர்களின் கை இயல்பாகவே முதல் தட்டை நோக்கி நீள்கிறது. நிலைக்குமா என்று தெரியாத ஆசைக்கு எவ்வளவுதான் செலவழிப்பது?

மிச்சம் பிடிக்கும் இடம்

மலிவு கிடார் என்றால் மட்டமான மரம் என்பது பொதுவான எண்ணம். மரம் முக்கியம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் உலகின் விலை உயர்ந்த கிடார்களுக்கு முதுகாகவும் விலாவாகவும் போகிறது. மலிவு கிடாருக்குக் கிடைப்பது பிளைவுட். ஆனால் பிளைவுட் கிடாரில் கற்கவே முடியாது என்பதில்லை. ஒலியின் செழுமை குறையும், அவ்வளவுதான். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது முழு மரப் பலகையைவிட நன்றாகவே தாக்குப் பிடிக்கும்.

உண்மையான சிக்கனம் நடப்பது மரத்தில் அல்ல, கடைசி ஒரு மணி நேர வேலையில். கம்பிகள் தலைப்பக்கம் 'நட்' என்ற சிறு கட்டையின் பள்ளங்களிலும், உடல் பக்கம் 'சாடில்' என்ற பட்டை மீதும் தாங்கி நிற்கின்றன. பள்ளங்களை ஆழமாக்குவதும் பட்டையைத் தேய்ப்பதும் ஒவ்வொரு கிடாருக்கும் தனியாகச் செய்ய வேண்டிய கைவேலை. கூடுதலாகத் தேய்த்தால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். கடையிலேயே வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். உயரமாக விட்டுவிட்டால் இரைச்சல் இருக்காது. வலி வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். விற்பவருக்கு எது பத்திரம் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு கம்பிகளின் இழுவிசையும் சேர்கிறது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. இதைச் சமாளிக்கக் கழுத்துக்குள் 'டிரஸ் ராட்' என்ற கம்பியைப் பொருத்தி, திருகி நிமிர்த்த வழி வைப்பது வழக்கம். விலை மிகவும் குறைந்த கிடார்களில் இது இல்லாமலும் போகலாம். இருந்தும் திருகப்படாமல் இருக்கலாம். கழுத்து வில்லாக வளைய, கம்பி இன்னும் உயரும்.

கடையில் பத்து நிமிடம்

நல்ல செய்தி, வாங்குபவர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் இதைச் சோதிக்க முடியும்.

முதலில் கிடாரைச் சுருதி சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும். சுருதி சேர்க்காத கிடாரில் கம்பி தளர்ந்திருக்கும், எதுவும் தெரியாது. பிறகு இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி, பன்னிரண்டாவது ஃபிரெட் மீது, தடித்த கம்பிக்கு அடியில் நுழைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 3 மி.மீ. தடிமன். நாணயங்கள் கம்பியைத் தொட்டால் சரி. மேலே இன்னொரு நாணயத்துக்கும் இடம் இருந்தால் அந்த நிலையில் அதை வாங்கக் கூடாது.

அடுத்து, தச்சர் சட்டத்தின் வளைவைப் பார்ப்பதுபோல, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். இம்மியளவு குழிவு இருக்கலாம். வில் போன்ற வளைவோ முறுக்கலோ ஆகாது. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் ஃபிரெட்டின் நுனி கீறக் கூடாது. கம்பியைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகிதம் நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, காதுக்கு ஒரு சோதனை. கம்பியைச் சும்மா மீட்டி, பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிக் கருவி ஐயத்தைத் தீர்த்துவிடும். ஸ்வரம் எகிறினால் ஒன்று கம்பி மிக உயரத்தில் இருக்கிறது, அல்லது பிரிட்ஜ் தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதோடு காலம் தள்ள முடியாது. அப்படிப்பட்ட கிடாரில் பழகும் குழந்தை பிசகான சுருதியையே சரியென்று நம்பி வளரும்.

பீரோ மேலிருந்து இறங்க

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? அதற்கும் வழி உண்டு. சாடில் பட்டையை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்த்தால் கம்பி இறங்கும். கணக்கு எளிது. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே 1 மி.மீ. இறங்க, பட்டையில் 2 மி.மீ. குறைய வேண்டும். நட் பள்ளங்களுக்குத் தனி அரம் வேண்டும்; அதை ரிப்பேர் செய்பவரிடம் விடுவதே நல்லது. 'எஃப்' கார்டின் கதி பெரிதும் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு ஆகும் செலவு புதுக் கிடாரின் விலையில் சிறு பங்கு. கூடவே மெல்லிய ரகக் கம்பிகளாக மாற்றினால், வாங்கியபோது இருந்த கிடாரா இது என்று சந்தேகம் வரும்.

பராமரிப்பும் ஊருக்கு ஊர் மாறும். மும்பை மழையில் மரம் ஈரம் குடித்து மேற்பலகை உப்பும், கம்பி உயரும். தில்லியின் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி ஃபிரெட் நுனிகள் வெளியே நீட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்த பின் உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம். சமையலறைப் பரண், வெயிலில் நிற்கும் கார் இரண்டும் கிடாரின் எதிரிகள்.

கைவிட்டவர்களின் கிடார்கள் பழைய சந்தைக்கு வருவதால், புதியவர்களுக்கு அதிலும் லாபம் உண்டு. 3,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்குவதைவிட, அதே பணத்தில் அதிகம் வாசிக்கப்படாத நல்ல ரகக் கிடார் அகப்படலாம். நாணயச் சோதனை அதற்கும் பொருந்தும்.

கிடார் கற்பதில் வலி இருக்கத்தான் செய்யும். விரல் நுனி காய்த்துப்போகச் சில வாரங்கள் பிடிக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. அதற்குப் பிறகும் வலி தொடர்ந்தால், பிள்ளைக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டுவதற்கு முன் வீட்டார் இரண்டு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நாணயங்களைக் கம்பிக்கு அடியில் வைத்துப் பார்ப்பது.