தேனீ மகரந்தம்: சத்துணவா, சர்வரோக நிவாரணியா?

தேனீ வளர்ப்பில் தேனும் மெழுகும்தான் வருவாய் என்ற நிலை மாறி வருகிறது. தேனீக்கள் பூக்களிலிருந்து கால்களில் சுமந்து வரும் மகரந்தத்தையும் இப்போது உலர்த்திப் புட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் இதன் விலை தேனின் விலையை விட அதிகம். சர்க்கரை நோய் முதல் முடி உதிர்வது வரை எல்லாவற்றையும் இது தீர்க்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. வாங்கி உண்பவரும், பெட்டி வைத்து மகரந்தம் எடுக்க நினைக்கும் தேனீ வளர்ப்போரும் இதில் உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது.

மகரந்தம் முதலாவதாகத் தேனீயின் உணவு. தேன் தேனீக்குச் சக்தி தருவது. உடலை வளர்ப்பது மகரந்தம். பூவில் புரண்டு எழும் வேலைக்காரத் தேனீ தன் உடலில் ஒட்டிய தூளைக் கால்களால் வாரித் திரட்டி, சிறிது மதுவால் நனைத்து, பின்னங்கால்களில் உள்ள மகரந்தக் கூடைகளில் உருண்டையாக வைத்துக்கொள்கிறது. கூட்டுக்கு வந்ததும் அதை அறைகளில் இட்டு, தேன் கலந்து அழுத்தி வைக்கின்றன. அது அங்கே புளித்துப் பக்குவமாகிறது. இளம் செவிலித் தேனீக்கள் இதை உண்டுதான் புழுக்களுக்கு ஊட்டும் பாலைச் சுரக்கின்றன. மகரந்த வரத்து நின்றால் ராணி முட்டையிடுவது குறையும். சில வாரங்களில் கூட்டம் மெலிந்துவிடும்.

இத்தாலியத் தேனீயின் ஓர் உருண்டை ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிகிராம் எடை இருக்கும். ஒரு பயணத்தில் இரண்டு உருண்டைகள். ஒரு வேலைக்காரத் தேனீயை முட்டையிலிருந்து வளர்த்தெடுக்கச் சுமார் 125 முதல் 145 மில்லிகிராம் மகரந்தம் செலவாகிறது. ஆகவே காலையில் ஒருவர் வாயில் போட்டுக்கொள்ளும் 10 கிராம் மகரந்தம் என்பது 600-க்கும் மேற்பட்ட பயணங்களின் சேகரம். சுமார் 70 புதிய தேனீக்களின் ஆகாரம். அளவறிந்து எடுத்தால் கூட்டம் இதைத் தாங்கும். வலுவான கூட்டம் ஆண்டுக்கு 20 கிலோவுக்கு மேலும் மகரந்தம் கொண்டுவரக் கூடியது.

மனிதனுக்கு இதில் என்ன இருக்கிறது? பூவுக்குப் பூ வேறுபட்டாலும், பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு புரதம் எனலாம். சர்க்கரைப் பொருள்கள், சிறிது கொழுப்பு, பி வகை வைட்டமின்கள், தாது உப்புகள், நிறமிகள் ஆகியவையும் உண்டு. நல்ல உணவுதான். ஆனால் கணக்குப் பாருங்கள்: 10 கிராம் மகரந்தத்தில் கிடைக்கும் புரதம் சுமார் 2 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம். போதாததற்கு மகரந்தத் துகளின் மேலோடு மிகக் கெட்டியானது. நம் வயிற்றில் எளிதில் கரையாது. உள்ளிருக்கும் சத்து முழுவதும் உடலில் சேரும் என்று சொல்ல முடியாது. புரதத்துக்காகவே மகரந்தம் வாங்குபவர் வேர்க்கடலை வாங்கினால் பணம் மிச்சமாகும்.

விளையாட்டு வீரர்களுக்கு இது அபார பலம் தரும் என்ற பேச்சு 1970-களில் மேல்நாடுகளில் பரவியது. பிரிட்டனில் இளம் நீச்சல் வீரர்கள் 20 பேரை வைத்து 6 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 1982-இல் வெளிவந்தது. மகரந்தச் சாறு உண்டவர்கள் மற்றவர்களைவிட உடல்திறனில் முன்னேறவில்லை. சளித்தொல்லையால் பயிற்சிக்கு வராத நாட்கள் மட்டும் அவர்களிடம் குறைவாக இருந்தன. இருபது பேரை வைத்து நடந்த சோதனையைக் கொண்டு அதையும் உறுதி என்று கொள்வதற்கில்லை. எலிகளிலும் ஆய்வுக்கூடக் குடுவைகளிலும் பல நற்குணங்கள் காணப்பட்டதாகக் கட்டுரைகள் ஏராளம். ஆனால் நோயாளிகளைக் கொண்டு பெரிய அளவில் சோதித்து, இந்த நோயை மகரந்தம் குணமாக்கும் என்று நிலைநாட்டியதாக இல்லை. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்திவிட்டு மகரந்தத்தை நம்புவது ஆபத்தான காரியம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மகரந்தம் ஒவ்வாதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் தும்மலும், கண் அரிப்பும், மூச்சிரைப்பும் வருவோர் இவர்கள்தாம். சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் மகரந்தம் கலந்த உணவை உண்டு கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1979-லேயே எழுதியுள்ளனர். நம் புறம்போக்கெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் அதே குடும்பம்தான். ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. மற்றவர்களும் முதல் நாள் நாலைந்து உருண்டைகள் மட்டும் உண்டு பார்க்க வேண்டும். நாக்கு அரித்தாலோ முகம் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, மகரந்தம் எடுக்க விரும்பும் தேனீ வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை. தேன் பெருகும் காலமும் மகரந்தம் பெருகும் காலமும் ஒன்றல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்கள் இதற்குச் சரியான சான்று. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. பெட்டி நிறையத் தேன் இருக்கும். மகரந்தத்துக்கோ தட்டுப்பாடாக இருக்கும். அந்தச் சமயத்தில் மகரந்தத்தைப் பறிப்பது கூட்டத்தின் அடிமடியில் கைவைப்பதாகும். மக்காச்சோளம், கம்பு, சூரியகாந்தி பூக்கும் வயல்களை அடுத்தும், ஆண்டு முழுதும் பாளை விடும் தென்னந்தோப்புகளிலும் வைத்த பெட்டிகளே இதற்கு ஏற்றவை. திறந்து பார்த்தால் புழு அடையைச் சுற்றி வில் போல மகரந்த அறைகள் நிறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லாத பெட்டியில் கைவைக்கக் கூடாது.

எடுக்கும் கருவி எளிமையானது. வாசலில் துளையிட்ட பலகை ஒன்றைப் பொருத்துகிறார்கள். இத்தாலியத் தேனீக்குத் துளை சுமார் 5 மில்லிமீட்டர் விட்டம். அதன் வழியாக நெருக்கிக்கொண்டு நுழையும்போது கால் உருண்டைகள் உதிர்ந்து, கீழே வலை மூடிய தட்டில் விழும். நம் இந்தியத் தேனீ உருவில் சிறியதாகையால் இந்தத் துளையில் சுமையோடு புகுந்துவிடும். துளையைக் குறைத்து வைக்கலாம் என்றாலும், தொந்தரவு கொடுத்தால் கூட்டையே விட்டு ஓடிவிடும் சுபாவம் அதற்கு உண்டு. ஆகவே இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களே இதில் இறங்குவது நல்லது. பலகையை வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மழை நாட்களிலும், புது ராணி புணர்ச்சிக்குப் பறக்கும் சமயத்திலும் வைக்கவே கூடாது. ஆண் தேனீக்கள் வெளியேற வழி விட வேண்டும். இல்லையேல் அவை துளைகளில் சிக்கி வாசலை அடைத்துவிடும்.

புதிதாக விழுந்த மகரந்தத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ஒரு நாள் தட்டிலேயே விட்டாலும் பூஞ்சணம் பிடிக்கலாம். எனவே அன்றன்று மாலையில் எடுத்து, தேனீக் கால்களும் மெழுகுத் துணுக்குகளும் போகப் புடைத்து, 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத வெப்பக் காற்றில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் காயவைத்தால் நிறமும் சத்தும் கெடும். தூசியும் எறும்பும் சேரும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த உருண்டை விரலால் அழுத்தினால் நசுங்காது. உலர்ந்ததை இரண்டு நாள் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தெடுத்தால் பூச்சி முட்டைகள் செத்துப்போகும். பிறகு காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, வெளிச்சம் படாமல் வைக்கலாம்.

பூச்சிமருந்து விஷயத்தில் அலட்சியம் கூடாது. செடி முழுதும் ஊடுருவும் மருந்துகள், விதைநேர்த்தியில் கலந்தவைகூட, மகரந்தத்துக்கு வந்துசேர்கின்றன. பக்கத்து வயல்காரர் என்ன விதை போட்டார், எப்போது மருந்தடித்தார் என்று கேட்டறியாமல் பொறி வைக்க வேண்டாம்.

விற்பவர்கள் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். புட்டியில் 'சர்க்கரை நோய் தீரும்' என்று அச்சிடுவதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பதிலாக எந்த மாதம், எந்த ஊரில், எந்தப் பயிர் பூத்தபோது எடுத்தது என்பதையும், ஒவ்வாமை உள்ளோர் உண்ண வேண்டாம் என்பதையும் தமிழில் எழுதி ஒட்டலாம்.