டூரிஸ்ட் விசாவில் வேலை தேடாதீர்கள்

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் முன்னோர் ஆள் திரட்டிய கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறி வந்தவர்கள். 1938-இல் அந்தக் கங்காணி முறை நின்றது. ஏஜெண்ட் வாய்ஜாலம் மட்டும் நிற்கவில்லை.

இன்றும் இந்தியாவிலிருந்து தம்பிமார் டூரிஸ்ட் விசாவில் வந்து, “அண்ணே, நாள்கூலிக்கு ஏதாவது இருக்கா?” என்கிறார்கள். வேலை இருக்கிறது. செம்பனையடியில் குனிந்து, சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. முள் விரலைக் கிழிக்கும், இடுப்பு விட்டுப்போகும். ஆனால் வேலை பெர்மிட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். குடிநுழைவுச் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு. கூலி தராமல் ஏமாற்றினாலும், பிடிபடும் பயத்தில் வாய் திறக்க முடியாது. எனக்கு வயிறெரிவது இதற்குத்தான்.

பெர்மிட்டில் வருபவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வேலையில் அடிபட்டால் 2019 முதல் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பாதுகாப்பும் உண்டு. பெர்மிட்டில் எழுதிய முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். உங்கள் பாஸ்போர்ட்டை அவர் பிடுங்கி வைப்பது குற்றம்.

தம்பி, ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிடு.