காருக்கு எதற்கு மனசு?

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியவர் பிரேக்கைத் தொடாமலே வண்டி நிற்கும். பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு; 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சிப் பள்ளிக் கார்களுக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கார் தன் இஷ்டத்துக்கு நடப்பதுபோல் தெரிந்தாலும் நடத்துவது பக்கத்து மனிதரின் மனசு. சினிமாவில் வரும் மனசுள்ள கார்களும் இந்த வகைதான். மனிதன் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை அவனுக்காகக் கார் செய்கிறது. பழியையும் அதுவே சுமந்துகொள்கிறது.

1968-இல் டிஸ்னி எடுத்த 'தி லவ் பக்' இதற்கு நல்ல சாட்சி. கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். தோற்றுக்கொண்டே இருக்கும் பந்தய ஓட்டுநர் ஜிம்மிடம், வெள்ளை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று வந்து சேர்கிறது. பிறகு 53 என்ற பந்தய எண் ஏறும் அதன் பெயர் ஹெர்பி. கார் ஷோரூமில் வேலை பார்க்கும் கேரோலை ஜிம்முக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வீம்பு விடவில்லை. அவர்கள் இருவரும் ஏறியதும் ஹெர்பி தன் போக்கில் ஓடுகிறது, அவளை இறங்க விடாமல் கதவையும் பூட்டிக்கொள்கிறது. வேறொரு கார் வாங்கினால் அதை நொறுக்குகிறது. மனமுடைந்து கோல்டன் கேட் பாலத்திலிருந்து குதிக்கப் பார்க்கிறது. ஒரு தகர டப்பாவிடம் இவ்வளவு ரோஷத்தை நம்ப வைத்ததே அந்தப் படத்தின் சாமர்த்தியம். படப்பிடிப்பில் ஸ்டியரிங் தானாகத் திரும்பியதாகக் காட்ட, கேமராவுக்குத் தெரியாமல் பின்னால் ஒளிந்திருந்து ஓட்டியவர்களும் உண்டு. திரைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே ஏற்பாடு!

எல்லா மனசுள்ள காரும் காதலைச் சேர்த்து வைக்கிறதா என்று கேட்கலாம். ஜான் கார்ப்பென்டரின் 'கிறிஸ்டின்' படத்தில் (1983) வரும் சிவப்பு பிளிமத் கார், தன் சொந்தக்காரனை வேறு யாரோடும் பங்குபோட மறுத்துக் கொலையே செய்கிறது. ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் 'அஜாந்திரிக்' (1958) இன்னும் நுட்பமானது. டாக்சி ஓட்டும் பிமலுக்கு ஜகத்தல் என்ற பழைய செவர்லேதான் குடும்பம். தண்ணீர் ஊற்றினால் மனிதரைப்போல மடக்கு மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கும். காதலன் கைவிட்டுப் போன பெண்ணிடம் பிமலின் மனம் லேசாகச் சாய்ந்த பிறகு கார் முரண்டு பிடிக்கிறது. காரின் பொறாமையா, ஒண்டியாகவே வாழ்ந்து பழகியவனின் பயமா? கட்டக் தீர்ப்புச் சொல்லவில்லை, பயம்தான் என்பேன். கார் சேர்க்கலாம், பிரிக்கலாம். இரண்டிலும் தெரிவது மனிதனின் ஒளித்து வைத்த பாதி.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இறங்க வேண்டும் என்று ஒரு பெண் சொல்லியும் கதவு திறக்கவில்லை என்றால் அது வேடிக்கையா? பூட்டியது ஹெர்பி என்பதால் அரங்கம் சிரிக்கிறது. ஜிம் பூட்டியிருந்தால் அவன் வில்லன். காருக்கு மனசு கொடுப்பதில் உள்ள வசதியும் கள்ளத்தனமும் இதுதான்.

அதனால்தான் டிரைவிங் கற்றுத் தருபவரின் காதலைச் சொல்லும்போது காரைச் சாக்காக வைக்காத படம் எனக்கு உசத்தியாகப் படுகிறது. இசபெல் கோய்ஷெட் இயக்கிய 'லேர்னிங் டு டிரைவ்' (2014) அப்படி ஒன்று. நியூயார்க்கில் டாக்சியும் ஓட்டி, பயிற்சியும் தரும் சீக்கியர் தர்வானாக பென் கிங்ஸ்லி நடித்தார். கணவன் விட்டுப்போன வெண்டி என்ற புத்தக விமர்சகர் அவரிடம் கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் நடுவே பிரியம் துளிர்க்கிறது. வண்டியை நிறுத்தும் அதிகாரம் கையிலிருப்பவர் அந்தப் பிரியத்தைக் கையாள எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது தர்வானுக்குத் தெரிகிறது. அந்தக் கார் சொன்னபடிதான் ஓடுகிறது. தயக்கம், ஆசை, விலகல் எல்லாவற்றுக்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களே பொறுப்பு. அந்தப் பிரியம் காதலாகக் கைகூடவுமில்லை.