முந்நூறு சூரிய வெளிச்சத்தில் ஒரு முழு கேலக்ஸி! தெரியுமா?

முந்நூற்றுச் சொச்சம் சூரியன்களின் வெளிச்சம். ஒரு கேலக்ஸி மொத்தமாகத் தருவதே அவ்வளவுதான் என்றால் நம்புவீர்களா? சிம்ம ராசியின் திசையில், சுமார் 75 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது அந்தக் குட்டி கேலக்ஸி: செக்வே 1. ஆனால் அதன் நட்சத்திரங்கள் ஓடும் வேகத்தை அளந்து கணக்குப் போட்டால், உள்ளே பல லட்சம் சூரியன்களின் எடை வருகிறது! ஏறக்குறைய அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்.

தூரம் தெரியாமல் இதில் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. அதே சிம்மத் திசையில் லியோ ஏ என்று இன்னொரு குட்டி இருக்கிறது. அது செக்வேயைவிட முப்பது மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது என்பது வெறுமனே வானத்தைப் பார்த்தால் தெரியுமா?

தூரத்துக்கு வழி திறந்ததே ஒரு குட்டி கேலக்ஸிதான்! பெரு நாட்டில் எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தகடுகளை அமெரிக்காவின் ஹார்வர்டில் உட்கார்ந்து ஆராய்ந்தார் ஹென்ரியேட்டா லெவிட். சிறிய மெகல்லன் மேகம் என்ற அந்தக் குட்டி கேலக்ஸியில் 25 நட்சத்திரங்கள் மங்கிப் பிரகாசிப்பதைக் கவனித்து, நிதானமாகத் துடிப்பவையே அதிகப் பிரகாசமானவை என்று 1912-ல் காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்ததால்தான் அந்த உண்மை பிடிபட்டது. துடிப்பை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரமும்! (பெரிய மெகல்லன் மேகம் கன்னியாகுமரி வானத்திலும் வரும். டிசம்பர் நள்ளிரவில், நல்ல இருட்டில், தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே தேடுங்கள்!)

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. இரண்டாம் உலகப் போர். விமானத் தாக்குதலுக்குப் பயந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்குகளை அணைக்கிறது. பக்கத்து மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் வானியலாளர் வால்டர் பாடே. ஜெர்மன் குடிமகன் என்பதால் போர் ஆராய்ச்சியில் அவருக்கு இடமில்லை. சக விஞ்ஞானிகளோ போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். அந்த இருட்டில், ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் மையமும் அதன் குட்டித் துணைகளும் முதன்முறையாகத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்து தெரிந்தன! அங்கே பிரகாசமானவை நீலமல்ல, சிவப்பு. நட்சத்திரங்களில் இளையவை, முதியவை என இரண்டு குடிகள் உண்டு என்று 1944-ல் அறிவித்தார் பாடே. லெவிட் பார்த்த வகைத் துடிப்பு நட்சத்திரங்களும் இரண்டு குடிகளிலும் வேறு வேறு என்று பிறகு புரிந்தது. அதை அவர் 1952-ல் ரோம் மாநாட்டில் சொன்னபோது, ஆண்ட்ரோமெடாவின் தூரம் இரண்டு மடங்கானது. கூடவே பிரபஞ்சத்தின் அளவும்!

இன்று தூரம் சொல்வதில் முக்கியமானவை கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெருத்துப் பிரகாசமாகிக்கொண்டே போகும். மையம் சுமார் 10 கோடி டிகிரியைத் தொட்டதும் ஹீலியம் பற்றிக்கொள்ளும். உடனே ஏறுமுகம் நின்று மங்கத் தொடங்கும். அந்த உச்சம் எந்தக் கேலக்ஸியிலும் கிட்டத்தட்ட ஒன்றே, சூரியனைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்! ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் வரைபடம் போட்டால் உச்சம் கத்தரித்தது போலத் தெரியும். அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அதிலிருந்து தூரம் வந்துவிடும்.

தூரம் கிடைத்ததும் அதே வரைபடம் வயதையும் சொல்லும். லியோ ஏ-யின் பெரும்பாலான நட்சத்திரங்கள் பிறந்தது கடந்த 800 கோடி ஆண்டுகளுக்குள்! பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. அதுவரை ஏன் காத்திருந்தது அந்தக் குட்டி?

இதைவிட வியப்பு, 2015-ல் கண்டுபிடிக்கப்பட்ட ரெட்டிகுலம் 2 என்ற குட்டி கேலக்ஸி. ஒரு லட்சம் ஒளியாண்டு தூரம். 2016-ல் அதன் பிரகாசமான 9 நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏழில் யூரோப்பியம் போன்ற கன தனிமங்கள் கொட்டிக் கிடந்தன! தங்கம் உருவாவதும் இவை உருவாகும் அதே வகை அணுவினையில்தான். பெரும்பாலும் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஒரே ஒரு நிகழ்ச்சி, அந்தச் சின்ன கேலக்ஸி முழுவதிலும் அவற்றைத் தூவியிருக்க வேண்டும்.