குறைந்த செலவில் காட்சிக்கூடம்

சிப்பிகளுக்கு நோய் வருமா? வரும் என்றே இங்கிலாந்தைச் சேர்ந்த பைன் என்பவர் 1899ஆம் ஆண்டில் நினைத்தார். பெட்டிகளில் ஆண்டுக்கணக்காகப் பத்திரப்படுத்தியிருந்த கடற்சிப்பிகளின் மேல் வெண்மையான பூப்பு படர்ந்தது. நாளடைவில் அவற்றின் மினுமினுப்பு போயிற்று, வரிகள் அழிந்தன, ஓடே பொடியாக உதிரத் தொடங்கியது. இதற்குக் கிருமிகளே காரணம் என்று பைன் கருதினார். 'பைன் நோய்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் அது நோயன்று. சிப்பிகளைக் காக்க வேண்டிய மரப்பெட்டியே அவற்றை அரித்துவிட்டது என்பது பின்னர் தெரிந்தது.

இந்தப் பழைய செய்தி நம் ஊர்களுக்கும் பொருந்தும். பள்ளியில் ஓர் அறை, நூலகத்தில் ஒரு மூலை என்று சிறிய அருங்காட்சியகங்கள் தொடங்கப்படுகின்றன. ஊரார் மனமுவந்து பாட்டியின் கூறைச் சேலை, வீட்டுப் பரணிலிருந்த ஓலைச்சுவடி, உழும்போது கிடைத்த காசு ஆகியவற்றைக் கொண்டுவந்து தருகின்றனர். கையில் இருக்கும் பணமோ சொற்பம். எனவே தச்சரிடம் ஒட்டுப்பலகையில் பெட்டி செய்யச் சொல்கிறோம். மின்செலவு மிச்சமாகட்டும் என்று ஜன்னல் ஓரமாக அதை வைக்கிறோம். சில ஆண்டுகளில் சேலை வெளுத்துவிடுகிறது. காசின் மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. பொருளைத் தந்தவரின் பேரன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

சிக்கனம் வேண்டியதுதான். அதை எங்கே செய்வது, எங்கே செய்யக் கூடாது என்பதை அறிவியல் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டால், சரியான முறை பெரும்பாலும் செலவு குறைந்த முறையாகவே இருப்பதைக் காணலாம்.

வெளிச்சம் செய்யும் சேதம்

செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து, அதன் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். சில நாட்களில் மூடாத பாதி மஞ்சளாகிவிடும். ஒளியின் ஆற்றல் தாளிலும் சாயத்திலும் உள்ள மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர் இதை இன்னும் விரைவாகச் செய்கிறது. இப்படிப் போன நிறத்தை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை 'லக்ஸ்' என்ற அலகால் அளப்பர். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள மெழுகுவர்த்தி ஏறத்தாழ 1 லக்ஸ் ஒளி தரும். துணி, ஓலை, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் போதும் என்பது அருங்காட்சியகங்கள் நெடுநாளாகக் கடைப்பிடித்துவரும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை இருக்கலாம்.

ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போவது. எனவே ஒளியின் அளவை நேரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு சேலையை 50 லக்ஸ் ஒளியில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 300 நாட்கள் காட்சிக்கு வைத்தால் அது பெறும் ஒளி 1,20,000 லக்ஸ்-மணி. உச்சிவெயிலின் ஒளியோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது ஓர் ஆண்டு முழுவதும் அடக்கமான ஒளியில் சேலை படும் பாட்டை ஒன்றேகால் மணி நேர வெயில் தந்துவிடும்!

இதிலிருந்து காசு செலவில்லாத மூன்று வழிகள் கிடைக்கின்றன.

முதலாவது, இடத்தைப் பங்கிடுவது. கல், மண்பாண்டம், உலோகம் ஆகியவற்றை ஒளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அவற்றை ஜன்னல் பக்கம் வைக்கலாம். துணியும் ஏடும் உள்சுவர் ஓரமாக, நேர்வெயில் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, பெட்டியின் மேல் ஒரு கெட்டித் துணித் திரை. பார்க்க வருபவர் விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். பார்க்க ஆளில்லாத நேரமெல்லாம் பொருளுக்கு ஓய்வு.

மூன்றாவது, முறைவைத்து மாற்றுவது. நான்கு சேலைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் மூன்று மாதம் மட்டுமே வெளியே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சேதம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆண்டுக்கு நான்கு முறை காட்சி புதுப்பிக்கப்படுவதால், ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார்.

கடிதம், புகைப்படம் ஆகியவற்றுக்கு நல்ல நகல் எடுத்து, 'இது நகல்' என்று எழுதி வைத்தால் போதும். மூலம் இருட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

பெட்டி விடும் ஆவி

இனி பைனின் சிப்பிகளுக்கு வருவோம். மரம் காய்ந்த பிறகும் அதிலிருந்து அசெட்டிக் அமில ஆவி சிறிது சிறிதாக வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் புளிப்புத் தருவதும் இதே அமிலந்தான். ஓக் மரத்தில் இது மிகுதி. சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மூடிய பெட்டிக்குள் தேங்கும் ஆவி அதனோடு வினைபுரிந்து உப்பாக மாற்றுகிறது. வெண்பூப்பு என்பது இந்த உப்பே.

ஈயத்துக்கும் இதே கதிதான். முற்காலத்தில் ஐரோப்பாவில் வெள்ளை வண்ணம் தயாரிக்க, ஈயத் தகடுகளை வினிகர்ப் பானைகளின் மேல் வைத்து வெண்பொடியாக மாற்றுவார்கள். சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளைப் புதிய மரப்பெட்டியில் பூட்டிவைத்தால், அதே தொழிலை நாம் அறியாமலே நடத்துகிறோம் என்று பொருள்.

ஒட்டுப்பலகையின் பிசினிலிருந்தும் அமில ஆவி வரும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அசெட்டிக் அமிலத்தை விடும். கம்பளியிலும் ரப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளி நகையைக் கறுக்கச் செய்யும். பி.வி.சி. விரிப்பு நாளடைவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும்.

தீங்கற்ற பொருள்கள் பல, விலை மலிந்தவை. கண்ணாடி, பாலித்தீன் தாள், சாயமேற்றாமல் நன்கு அலசிய பருத்தித் துணி ஆகியவை அப்படிப்பட்டவை. கண்ணாடிக் கதவு வைத்த பழைய இரும்பு பீரோ நல்ல காட்சிப் பெட்டியாகும். புதிதாக வண்ணம் அடித்தால் மூன்று நான்கு வாரம் திறந்துவைத்து, வாடை முற்றும் போன பிறகே பொருளை உள்ளே வைக்க வேண்டும். மரப்பெட்டிதான் கிடைக்கிறது என்றால் உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டி, அதன் மேல் பருத்தித் துணி விரிக்கலாம்.

ஒரு பொருள் தீங்கானதா என்று அறியப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆடி என்பவர் 1973இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பலகையின் அல்லது துணியின் ஒரு சிறு துண்டு, சிறிது நீர், பளபளவென்று தேய்த்த வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகள் ஆகியவற்றைக் கண்ணாடிக் குழாயில் இட்டு நன்றாக மூட வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாட்கள் வைக்க வேண்டும். பலகையோ துணியோ இல்லாத இன்னொரு குழாயையும் அவ்வாறே வைத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். தகடு கறுத்தாலோ பூப்புப் பிடித்தாலோ அப்பொருள் பெட்டிக்கு ஆகாது. அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையை நாடினால் மாணவர்களே இதைச் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஈரமும் ஏற்ற இறக்கமும்

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் துணியிலும் ஏட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். உடனே குளிர்சாதனக் கருவி வாங்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பகலில் ஓட்டி இரவில் நிறுத்திவிடும் கருவியால் நன்மையைவிடத் தீமையே அதிகம். ஈரம் கூடும்போது மரம் உப்பும், குறையும்போது சுருங்கும். நாள்தோறும் இது நடந்தால் பழைய மரச்சிற்பத்தில் வெடிப்பு விழும். வண்ணப் பூச்சு உரியும். சீரான நிலைதான் முக்கியம்.

இதற்குப் பெரிய அறையைக் குளிர்விப்பதைவிடச் சிறிய பெட்டியைக் கவனிப்பது எளிது. நன்றாக மூடும் பெட்டியின் அடியில், துளையிட்ட தட்டுக்குக் கீழே சிலிக்கா ஜெல் மணிகளை வைக்கலாம். அவை ஈரத்தை உறிஞ்சும். நிறம் மாறும் வகையானால், மாற்ற வேண்டிய நேரத்தை நிறமே அறிவிக்கும். சூடாக்கி ஈரத்தைப் போக்கி அதே மணிகளைப் பலமுறை பயன்படுத்தலாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் மழைக்காலத்துச் சுவரின் ஈரம் தாக்காது.

ஐயம் தோன்றினால்

துருப்பிடித்த, பூஞ்சணம் பிடித்த பொருளைச் சாம்பல், புளி, எலுமிச்சை கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அது கூடாது. பழங்காசின் எழுத்து அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் 1930இலேயே ஏற்பட்டது. அத்தகைய இடங்களில் கேட்டுத் தெளிந்த பிறகே கைவைக்க வேண்டும்.

மிஞ்சிய பணத்தை விளக்க அட்டைகளுக்குச் செலவிடுங்கள். 'பழைய சேலை' என்று எழுதினால் பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். யார் நெய்தது, எந்தத் திருமணத்தில் உடுத்தியது, எந்தச் சாயம் என்று நான்கு வரி பெரிய எழுத்தில் எழுதினால் நின்று படிப்பார். எழுதியதை ஊரிலுள்ள ஒரு முதியவரை இரண்டு எட்டு தள்ளி நிற்கச் செய்து படிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

விலையுயர்ந்த விளக்குகளோ பளிங்குத் தரையோ இல்லாமலே நல்ல காட்சிக்கூடம் அமைக்கலாம். ஒரு திரை, ஒரு பழைய பீரோ, சிறிது சிலிக்கா ஜெல், கொஞ்சம் கவனம் ஆகியவை போதும். அப்போது, சேலையைத் தந்தவரின் பேரன் தன் பிள்ளையை அழைத்து வரும் நாளிலும் அதன் கரைச் சிவப்பு மங்காமல் இருக்கும்.